மாடு நின்ற வாசல்

வயரிங் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கும், இந்த வருஷம் சேர்ந்திருக்கிற இரண்டு தங்கைகளுக்கும் இதை எழுதுகிறேன்.

உங்கள் சங்கத்திலிருந்து ஆள் வந்தார்கள். இத்தனை வருஷம் இந்த வேலையில் இருந்தீர்கள், எப்படி முன்னுக்கு வந்தீர்கள் என்று நாலு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்றார்கள். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. எனக்கு ஏணியில் ஏறுவது சுலபம். எழுதுவது கஷ்டம். இருந்தாலும் ஒத்துக்கொண்டேன்.

வயர் இழுப்பது எப்படி என்று இதில் ஒன்றும் இருக்காது. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

முன்னுக்கு வந்த கதை என்றால் எல்லாரும் உழைப்பைச் சொல்வார்கள். நானும் உழைத்தேன். என் அண்ணன் என்னைவிட அதிகம் உழைத்தார். அவர் வயலிலேயேதான் இருந்தார். ஆகையால் உழைப்பைப் பற்றி நான் எழுதவில்லை. ஒரு மாட்டைப் பற்றி எழுதுகிறேன்.

எங்கள் ஊர் இளையாத்தங்குடியிலிருந்து நடக்கிற தூரம். எனக்கும் அண்ணனுக்கும் சேர்த்து கொஞ்சம் நிலம், ஒரு கிணறு. அறுபதுகளின் நடுவில் ஒரு நாள், கிணற்றில் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற கமலைக் கயிறு அறுந்துபோனது. காரைக்குடிக்குப் போய் வாங்கி வா என்று அண்ணன் என்னை அனுப்பினார். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. மீனாளைக் கட்டி எட்டு மாதம்.

கயிறு வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன். மழை பிடித்துக்கொண்டது. ஒரு எலக்ட்ரிக் கடை வாசலில் ஒதுங்கினேன். உள்ளே கடைக்காரர் ஏணியை வைத்துக்கொண்டு நின்றார். ஏணி பிடிக்கிற ஆள் அன்றைக்கு வரவில்லை.

"சும்மாத்தானே நிக்கிறே. இதைப் பிடி" என்றார்.

பிடித்தேன். அவர் மேலே ஏறி ஏதோ செய்தார். ஒரு இடத்தில் பொறி பறந்தது. இறங்கி வந்து, "நீ பயந்து விட்டுட்டு ஓடலையே" என்றார்.

"மேல நிக்கிறது நீங்கதானே" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. பக்கத்துத் தெருவில் இன்னொரு வேலை இருக்கிறது, வா என்றார். போனேன். அந்த வேலை மறுநாளும் இழுத்தது. மூன்றாம் நாள் ஊருக்குப் போனபோதுதான் தோளில் கயிறு இல்லை என்பது நினைவுக்கு வந்தது. கடையிலேயே விட்டிருந்தேன்.

அண்ணன் களத்தில் நின்றார். ஊரில் நாலு பேர் பார்க்க, "கயிறு வாங்கப் போன பய ஏணி பிடிச்சுட்டு வந்திருக்கான்" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. அந்த வேலைக்கே போகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர் தடுக்கவில்லை.

"போ. திரும்பி வந்தீன்னா வாயைத் தெறக்காம என் கலப்பைக்குப் பின்னாடி நடக்கணும். அம்புட்டுத்தான்."

இப்படித்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். பெரிய ஆசை, கனவு எல்லாம் கிடையாது. மழை பெய்தது, அவ்வளவுதான்.

கடைக்காரரை இனி முதலாளி என்றே எழுதுகிறேன். பெயர் வேண்டாம். அவருக்குப் பிடிக்காது. கோபக்காரர். வேலையில் சுத்தம். ஒன்றரை வருஷம் அவரோடு ஏணி பிடித்தேன், பிறகு ஏறினேன். தனியாக ஒரு வேலையும் தரவில்லை. நான் கேட்கவும் இல்லை.

பிறகு கண்டரமாணிக்கத்தில் ஒரு செட்டியார் வீட்டுக் கல்யாணம் வந்தது. பழைய வீடு. உலகச் சண்டைக்கு முன்னால் போட்ட வயர். தொட்டால் உதிர்ந்தது. கல்யாணத்துக்குள் முகப்பிலிருந்து வளவு வரைக்கும் புது வயர் போட்டு, வளவு முழுக்க விளக்கு எரிய வேண்டும். வளவு என்றால் வீட்டுக்கு நடுவில் இருக்கிற பெரிய முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும். பந்தி, சடங்கு எல்லாம் அங்கேதான்.

முதலாளிக்கு அதே வாரம் மதுரைக்குப் போக வேண்டியிருந்தது. பல்பும் விசிறியும் எடுத்து வர வேண்டும். வேறு வழியில்லாமல் என்னை அனுப்பினார். வயர்ச் சுருள் மொத்தத்தையும் என்னிடம் கொடுத்தார்.

"முன் வாசல் வழியாப் போகாதே. பின் தெருவுல போ. கல்யாண விறகு இறக்கிக் கெடக்கும். அந்தக் கதவுதான்" என்றார். பிறகு, "கெடுத்துட்டீன்னா உங்க அண்ணன்கிட்ட நானே கொண்டுபோய் விட்டுருவேன்" என்றும் சொன்னார்.

அது சும்மா சொன்னது இல்லை. மீனாள் அப்போது ஆறு மாதக் கர்ப்பம். காரைக்குடியில் ஒரு ஒற்றை அறையில் இருந்தோம். இந்த வேலை போனால் கலப்பைதான் என்று அவளுக்கும் தெரியும். பஸ் ஏறும்போது அவள் தூக்குச் சட்டியை மட்டும் கையில் கொடுத்தாள்.

அந்த ஊர் வீடுகள் உங்களுக்குத் தெரியும். ஒரு தெருவில் முகப்பு இருக்கும், அடுத்த தெருவில் கொல்லைக் கதவு இருக்கும். நடுவில் ஒரே வீடு. நான் செட்டியார் வீடுகளை முன்னால் நின்று பார்த்திருக்கிறேன். பின்னால் போனதில்லை. பின் தெருவில் பார்த்தால் நீளமாக ஒரே சுவர். அதில் வரிசையாகக் கதவுகள். எல்லாம் ஒரே மாதிரி. எதிலும் பெயர் இல்லை.

ஒரு கதவுக்கு முன்னால் விறகு ஆள் உயரத்துக்குக் கிடந்தது. தட்டினேன்.

ஒரு அம்மா திறந்தார். காளியம்மா என்று பெயர். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர். கரண்ட்டு வேலைக்கு வந்திருக்கிறேன் என்றேன். "ஆளு வருமுன்னு எழுதியிருந்தாக, உள்ள வாங்க" என்றார்.

கல்யாண வீட்டில் ஆளையே காணோமே என்று எனக்குத் தோன்றத்தான் செய்தது. அதையும் கேட்டேன். "எல்லாரும் கல்யாணத்துக்கு மொத நாளுதான் வாராக" என்றார். சரி, பெரிய இடம், அப்படித்தான் போல என்று விட்டுவிட்டேன். முகப்பில் மெயின் சுவிட்ச் இருந்தது, உள்ளே பழைய வயரைக் காணோம், கழட்டிவிட்டார்கள் போல என்று அதையும் விட்டுவிட்டேன்.

நீங்கள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். எனக்கு மூன்று நாள் ஆனது. அது கல்யாண வீடு இல்லை. பக்கத்து வீடு.

காளியம்மா பொய் சொல்லவில்லை. அந்த வீட்டுக்காரர்கள் மெட்ராஸில் இருந்தார்கள். பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு வருகிறோம், வீட்டைச் சரிபண்ண ஆள் வரும் என்று எழுதியிருந்தார்கள். நான்தான் அந்த ஆள் என்று அவர் நினைத்தார். முன்பக்கம் பந்தக்கால் அடிக்கிற சத்தம் கேட்டது. இந்த வீட்டு வாசலில்தான் அடிக்கிறார்கள் என்று நான் நினைத்தேன். ஒரு தடவை முன் கதவைத் திறந்து தெருவை எட்டிப் பார்த்திருந்தால் தீர்ந்தது.

ஏன் பார்க்கவில்லை என்று பிறகு யோசித்திருக்கிறேன். தனியாக வந்த முதல் வேலை. சரியான வீடுதானா என்று யாரிடமாவது கேட்டால் புது ஆள் என்று தெரிந்துவிடும். அதுதான் காரணம். தம்பி, தங்கச்சி, நீங்கள் கேளுங்கள். புது ஆள் என்று தெரிந்தால் தெரியட்டும்.

வேலை நடந்த கதைக்கு வருகிறேன். அந்த வீட்டுச் சுவர்களைப் பார்த்ததும் எனக்குக் கை ஓடவில்லை. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து அரைத்த சாந்து. கண்ணாடி மாதிரி இருந்தது. என் முகம் அதில் மங்கலாகத் தெரிந்தது. அந்தக் காலத்தில் வயரை மரப்பட்டியில் வைத்து, பட்டியைச் சுவரில் ஆணியடித்து நிறுத்துவோம். வேறு முறை எங்களுக்குத் தெரியாது.

ஒரு கதவுக்குப் பின்னால், யாரும் பார்க்காத இடத்தில், ஒரு ஆணி அடித்துப் பார்த்தேன். ஒரே அடி. சாந்து எட்டணாக் காசு அகலத்துக்குப் பெயர்ந்து கையில் விழுந்தது. காளியம்மாவிடம் கொஞ்சம் சோறு வாங்கிக் குழைத்து அதைத் திரும்ப ஒட்டி வைத்தேன். அதற்குமேல் சுத்தியலைத் தொடவில்லை. அரை நாள் சும்மா உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேலே முழுக்கத் தேக்கு. உத்திரம், அதன்மேல் பலகை. கதவு நிலையும் தேக்கு. வயர் சுவரில் போனால்தானே ஆணி வேண்டும். மரத்திலேயே போகட்டும் என்று முடிவு செய்தேன். உத்திரத்தின் மேல் ஓரத்தில், கீழே நின்றால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பட்டியைத் திருகாணி போட்டு நிறுத்தினேன். உத்திரத்துக்கு உத்திரம் தாவினேன். இறங்குகிற இடத்தில் கதவு நிலையோடு இறங்கினேன். சுற்று வழி. இரண்டு மடங்கு வயர் தின்றது. கடைசியில் சுருளில் கொஞ்சம்தான் மிச்சம்.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் வேலை முடிந்தது. ஏணியில் நின்று வளவின் கடைசி விளக்கை மாட்டிக்கொண்டிருந்தேன். முன் கதவு திறக்கிற சத்தம். கார்ச் சத்தம். ஒரு ஆச்சி உள்ளே வந்தார்கள். நாற்பத்தைந்து வயது இருக்கும். பின்னால் இரண்டு பேர் பெட்டியோடு. ஆச்சி நின்று, மேலே பார்த்தார்கள்.

"யாருப்பா மேல?"

"கரண்ட்டு வேலை ஆச்சி."

"யாரு வரச் சொன்னது?"

"கல்யாணத்துக்கு."

"கல்யாணம் அடுத்த வீட்டுலயில்ல."

ஏணியில் பதினோரு படி இருந்தது. இறங்குவதற்குள் எனக்கு அண்ணன் முகம், கலப்பை, மீனாள் கொடுத்த தூக்குச் சட்டி எல்லாம் வந்து போய்விட்டது.

தரையில் கால் வைக்கவும் முதலாளி வரவும் சரியாக இருந்தது. மதுரையிலிருந்து பல்புப் பெட்டியோடு நேராகக் கல்யாண வீட்டுக்குப் போயிருக்கிறார். ஒரு ஆணிகூட அடித்திருக்கவில்லை. எங்கள் பக்கம் ஒருத்தரும் வரவில்லையே என்று கல்யாணப் பெண்ணின் அப்பா பதறியிருக்கிறார். பொழுது சாய்ந்தால் சொந்தபந்தம் முழுக்க வந்து இறங்கும். வளவில் ஒரு விளக்கு இல்லை. பிறகு யாரோ பக்கத்து வீட்டில் ஏணிச் சத்தம் கேட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

முதலாளி விளக்குகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் திட்டியிருந்தால் தேவலை. பிறகு ஆச்சியிடம் கையைக் கூப்பினார். என்னிடம், "கழட்டு எல்லாத்தையும்" என்றார்.

தம்பி, கழட்டு என்று சொன்னால் உடனே கழட்டத் தோன்றும். தப்புச் செய்தவனுக்கு அதுதான் தோன்றும். தப்பைக் கண் முன்னாலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று கை பறக்கும். நான் கைகளைக் கட்டிக்கொண்டு கணக்குப் போட்டேன். கழட்ட ஒரு நாள். அங்கே மாட்ட மூன்று நாள். இருப்பது ஆறு மணி நேரம். கழட்டினால் இரண்டு வீட்டிலும் இருட்டுத்தான்.

வளவின் தெற்குச் சுவரைப் பார்த்தேன். அந்தப் பக்கம் கல்யாண வீட்டு வளவு. இரண்டுக்கும் நடுவில் அந்த ஒரு சுவர்தான். சமையல்காரர்கள் பேசுவதுகூடக் கேட்டது. சுருளில் மிச்சம் இருக்கிற வயர் சுவர் ஏறி இறங்கப் போதும்.

"மொதலாளி, கழட்ட வேணாம். ஆச்சி சம்மதிச்சா இங்கேயிருந்தே லைனை அங்குட்டு எறக்கிறலாம்" என்றேன்.

அவர் ஆச்சியைப் பார்த்தார். ஆச்சி சுவர் ஓரமாக நடந்தார்கள். ஒரு கையால் சாந்தைத் தடவிக்கொண்டே நடந்தார்கள். முழு வளவையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்கள். காளியம்மா மூலையில் நின்று அழுதுகொண்டிருந்தார். யாரும் அவரை ஒன்றும் சொல்லவில்லை.

ஆச்சி என் முன்னால் வந்து நின்றார்கள்.

"எங்க மாமனார் இருக்கிற வரைக்கும் இந்தச் சுவத்துல ஒரு காலண்டர் மாட்ட விட்டதில்ல. நீ ஆணி அடிச்சியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சோற்றுப் பசை நன்றாகக் காய்ந்திருந்தது. கதவுக்குப் பின்னால். அவர்கள் கை அங்கே போகவில்லை. முதலாளி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். இல்லை என்று சொல்லு என்று அவர் கண் சொன்னது.

"ஒண்ணு அடிச்சேன் ஆச்சி" என்றேன்.

கூட்டிக்கொண்டு போய்க் கதவை விலக்கிக் காட்டினேன். ஆச்சி குனிந்து பார்த்தார்கள். நகத்தால் தட்டினார்கள். ஒட்டிய சில்லு கீழே விழுந்தது.

"எதை வச்சு ஒட்டுனே?"

"சோறு ஆச்சி."

"ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான்."

"நீ சொல்லலைன்னா நான் இதைப் பாத்திருக்கவே மாட்டேன்."

"தெரியும் ஆச்சி."

ஆச்சி நிமிர்ந்தார்கள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "லைனை எடுத்துக்கிருங்க. அடுத்த வீட்டுப் பொண்ணும் எங்க வீட்டுப் பொண்ணுதான்" என்று முதலாளியிடம் சொன்னார்கள். என்னிடம், "கல்யாணம் முடிஞ்சதும் அங்குட்டுப் போற வயரை மட்டும் எடு. மத்தது இருக்கட்டும். வளவுக்குள்ள வெளக்குப் போடணும், வெளக்குப் போடணும்னு எங்க வீட்டுல இருக்கிறவுகட்ட பத்து வருஷமாச் சொல்லிக்கிட்டிருக்கேன். செவுரு போயிரும்னு சொல்லியே ஏமாத்திட்டாக" என்றார்கள்.

முதலாளி என்னைப் பார்த்து, "உன்னை இன்னைக்கே வெரட்டியிருக்கணும். வேலை கெடக்கு. நாளைக்கு வெரட்டுறேன்" என்றார்.

ஓட்டின் மேல் ஏறினேன். வயர் சுவர் தாண்டி இறங்கியது. முதலாளி அந்தப் பக்கம் நின்று வாங்கினார். பல்புகளைத் தாழ்வாரம் சுற்றி மாட்டினோம். விளக்கு வைக்கிற நேரத்துக்கு மெயினைப் போட்டேன். கல்யாண வீட்டு வளவு பளிச்சென்று ஆனது. பெண்ணின் அப்பா தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை.

ரேடியோ செட்காரர் ஒருத்தர் வந்திருந்தார். ரெக்கார்டு போட்டுக் குழாய் ஸ்பீக்கரில் பாட்டு வைக்கிறவர். அவர் யாரையும் கேட்காமல் எங்கள் லைனில் தன் செட்டைச் சொருகிவிட்டார். பியூஸ் போனது. வளவு இருட்டு. நூறு பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஆச்சி வீட்டுக்கு ஓடிப் பியூஸ் மாற்றினேன். எரிந்தது. மறுபடி போனது.

முதலாளி மூச்சிறைக்க வந்தார். "ரெண்டு கம்பியா முறுக்கிப் போடு. ஒரு ராத்திரிதானே."

உங்களுக்கு விளக்க வேண்டாம். இரண்டு கம்பி போட்டால் பியூஸ் போகாது. அதற்குப் பதில் வயர் சூடாகும். அந்த வயர் எங்கே இருக்கிறது என்று எனக்குத்தான் தெரியும். சுவரில் இருந்தால்கூடச் சரி. நான் அதை உத்திரத்தின் மேல் கொண்டுபோயிருந்தேன். காய்ந்த தேக்கு. அதன்மேல் பலகை. பக்கத்து வளவில் நூறு பேர்.

"மாட்டேன் மொதலாளி" என்றேன்.

அவரிடம் நான் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் கையை ஓங்கினார் என்றுதான் நினைக்கிறேன். இருட்டில் சரியாகத் தெரியவில்லை. நான் காத்திருக்காமல் செட்காரரிடம் போனேன்.

"அண்ணே, செட்டை முகப்புக்குத் தூக்குங்க. அங்க இந்த வீட்டு மெயின் சுவிட்ச்சு இருக்கு. பழைய வயர் பக்கம் போக வேணாம், அதுலயிருந்து நேரா எடுத்துத் தாரேன்."

"நான் எத்தனை கல்யாணம் பாத்திருக்கேன் தெரியுமா?"

"நான் இதுதான் மொதக் கல்யாணம் அண்ணே. அதான் பயமா இருக்கு."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு முணுமுணுத்துக்கொண்டே ஒரு பக்கம் தூக்கினார். மறு பக்கம் நான் தூக்கினேன். நீளமான வீடு. முகப்புக்குப் போய்ச் சேர்வதற்குள் என் முதுகு விட்டுப்போனது. பாட்டு தெருப் பக்கம் போய்விட்டது. வளவில் விளக்கு நின்று எரிந்தது. அடுத்த நாள் முகூர்த்தம் முடிகிற வரை ஒரு பல்புகூடக் கண் சிமிட்டவில்லை.

வளவில் நாயனம் வாசித்த பெரியவர் என்னைக் கூப்பிட்டு ஒரு வெற்றிலை கொடுத்தார். "இப்பத்தானப்பா எங்க வாசிப்பு எங்களுக்கே கேக்குது" என்றார்.

கல்யாணத்துக்கு வந்தவர்களை ஆச்சி தன் வீட்டுக்கு அழைத்துப்போய்க் காட்டினார்கள். விளக்கைக் காட்டவில்லை. சுவரைக் காட்டினார்கள். "வயரு எங்க இருக்கு சொல்லுங்க பாப்போம்" என்று கேட்டார்கள். பிறகு கதவை விலக்கி அந்த எட்டணாக் குழியைக் காட்டி, "அவன் அடிச்ச ஒரே ஆணி. அவனே காட்டிக் குடுத்தான்" என்றார்கள். அதைப் பூச வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நான் கடைசியாகப் பார்த்தபோதும் அது அப்படியே இருந்தது.

அந்த மாதம் கடைக்கு ஆறு வீட்டிலிருந்து ஆள் வந்தது. ஆணி அடிக்காமல் வயர் போடுகிற ஆள் வேண்டும் என்றார்கள். அப்படி ஒரு ஆள் அதுவரை இந்த வட்டாரத்தில் இல்லை. நானும் அந்த ஆளாக ஆக வேண்டும் என்று நினைத்திருக்கவில்லை. முதலாளி என்னை அனுப்பினார். ஒவ்வொரு தடவை அனுப்பும்போதும், "இதை முடிச்சுட்டு வா, நாளைக்கு வெரட்டுறேன்" என்பார். பதினோரு வருஷம் சொன்னார். பிறகு கடைச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு மகன் வீட்டுக்குப் போனார். போகும்போதும் அதைத்தான் சொன்னார்.

சரியான வீட்டுக்கே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்பீர்கள். கல்யாண வீட்டுச் சுவர் சாதாரணச் சுண்ணாம்புச் சுவர். பிற்பாடு அங்கேயும் வயர் போட்டேன். ஆணி நன்றாக இறங்கியது. முதலிலேயே அங்கே போயிருந்தால் ஆணி அடித்துவிட்டு வந்திருப்பேன். யாரும் என்னைத் திட்டியிருக்கவும் மாட்டார்கள், தேடியிருக்கவும் மாட்டார்கள்.

அதே கடையில் என்னோடு ஒருவர் வேலை பார்த்தார். என்னைவிடக் கெட்டிக்காரர். அவர் போன வீடெல்லாம் சரியான வீடு. கடைசி வரை அவரை யாரும் பெயர் சொல்லித் தேடி வரவில்லை. இதில் என்ன நியாயம் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்த மாதிரி எழுதினால் அது பொய். தப்பான வீடு உங்களுக்கும் ஒரு நாள் வாய்க்கும். உள்ளே போன பிறகு வேலையைச் சரியாகப் பாருங்கள். அடித்த ஆணியை ஒத்துக்கொள்ளுங்கள். அது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் ஊருக்கும் லைன் வந்தது. அண்ணன் கிணற்றில் மோட்டார் வைத்தார். நான்தான் இணைப்புக் கொடுத்தேன். தண்ணீர் கொட்டியது. அண்ணன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கமலைக் கயிறு என்னடா ஆச்சு?" என்றார்.

"கடையிலதான் கெடக்கு. கொண்டாரவா?"

"இனிமே எதுக்கு" என்றார். கலப்பையைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை.

இப்போது மாட்டுக்கு வருகிறேன்.

கல்யாண வீட்டு விறகு ஏன் பக்கத்து வீட்டு வாசலில் கிடந்தது என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. விசாரித்தேன். வண்டிக்காரர் யார் என்று யாருக்கும் ஞாபகமில்லை. விட்டுவிட்டேன்.

புதுவயலில் ஒரு அரிசி மில்லுக்கு வயரிங் செய்துகொண்டிருந்தபோது, மத்தியானம் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் உமி வண்டிக்காரர் ஒருத்தர். வெள்ளைச்சாமி என்று பெயர். மில்களிலிருந்து உமி ஏற்றிச் செங்கல் சூளைகளுக்குக் கொண்டுபோகிறவர். மூன்று வண்டி வைத்திருந்தார். நல்ல பேச்சுக்காரர். எப்படி இந்தத் தொழிலுக்கு வந்தீர்கள் என்று பேச்சுவாக்கில் கேட்டேன்.

"நான் விறகு வண்டில்ல ஓட்டுனேன். கண்டரமாணிக்கத்துல ஒரு கல்யாணத்துக்கு விறகு எறக்குனேன். வாசல் மாத்தி எறக்கிட்டேன்னு வஞ்சு வெரட்டிப்புட்டாக. அந்தப் பக்கமே பொழப்பு இல்லாமப் போச்சு. அப்பறந்தான் இங்க வந்தேன். வந்ததும் நல்லதாப் போச்சுன்னு வைங்க."

நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

"ஏன் வாசலை மாத்தி எறக்குனீக?"

"நான் எங்க எறக்குனேன். மாடு எறக்குச்சு. எடது பக்கம் பூட்டுன மாடு. கல்யாண வீட்டுக் கதவுக்கு இன்னம் இருபது எட்டு எடுத்து வச்சாப் போதும். நின்னுருச்சு. வாலை முறுக்குனேன். வெல்லம் குடுத்தேன். வண்டிக்கு முன்னாடி போயிக் கும்புட்டேன்கூட. நகரமாட்டேன்னுருச்சு. ரெண்டு வாசலும் பக்கந்தானே, எடுத்துக்கிரட்டும்னு அங்கேயே சாச்சுட்டுப் போயிட்டேன்."

என் பிழைப்பு முழுக்க அந்த இருபது எட்டில் இருந்தது. அவருக்கும் அப்படித்தான். நான் அதைச் சொல்லவில்லை. சொன்னால் நம்ப மாட்டார்.

"அந்த மாடு இப்ப எங்க இருக்கு?" என்றேன்.

"அடுத்த வாரமே சந்தையில தள்ளிட்டேன். போகச் சொன்னா நிக்கிற மாட்டை வச்சு என்ன செய்ய."

"யாரு வாங்குனது?"

"மேற்கித்திப் பக்கத்து ஆளு ஒருத்தரு. நல்ல மாடான்னு கேட்டாரு. கண்ணை மூடிக்கிட்டு, ரொம்ப நல்ல மாடுன்னு சொல்லி வித்துப்புட்டேன்" என்று சொல்லிவிட்டு, பொய் சொன்ன கூச்சத்தில் சிரித்தார்.

எனக்கு அது பொய்யாகப் படவில்லை. அவருக்கு இன்னொரு டீ சொன்னேன்.